அக்காவின் துணிகளும் எட்டு நாள் வெயிலும்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலரில் என்னென்ன எழுத வேண்டும் என்று என் மனைவி ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கிறார். பிறப்பு, படிப்பு, பணி, பண்பு, நோய், நன்றி. நான் நெல் விவசாயி. உரமூட்டையில் அச்சடித்திருப்பதைத் தவிர வேறு எதையும் நிதானமாகப் படித்துப் பழகாதவன். முதல் சொல்லிலேயே தடுக்கிவிட்டேன். அக்கா பிறந்த தேதி ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்றாகவும் பள்ளிச் சான்றிதழில் வேறாகவும் இருக்கிறது. எது சரி என்று கேட்க வேண்டிய ஆள் அக்காதான். ஆகவே பிறந்தார் என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன். வெண்ணாற்றுக்குத் தென்கரையில், இதே வீட்டில் பிறந்தார். எனக்குப் பதினோரு வயது மூத்தவர். நடுவில் பிறந்த இருவர் தங்கவில்லை. அம்மா வயலுக்குப் போகும்போதெல்லாம் என்னை இடுப்பில் வைத்துச் சுமந்தது அக்காதான்.

கன்னியர் விடுதியில் தங்கித் தையல் ஆசிரியைப் பயிற்சி முடித்தார். அங்கே வயதான மதர் ஒருவர், சின்னச் சின்னத் துணித்துண்டுகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து, மேலும் கீழும் தைத்துப் போர்வை ஆக்கும் வேலையை அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தார். நாங்கள் அதை ஒட்டுப்போர்வை என்போம். அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. பேராவூரணிப் பக்கம் கல்யாணம் ஆனது. நான்கு வருடத்தில் அத்தான் காய்ச்சலில் இறந்துபோனார். குழந்தை இல்லை. ஒரே ஒரு டிரங்குப் பெட்டியோடு அக்கா எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தார். பணி ஓய்வு பெறும்வரை அதே பள்ளியில் தையல் டீச்சர். ஊரில் பாதிப்பேருக்குப் பித்தான் வைக்கக் கற்றுக்கொடுத்தவர். நம் குடும்பத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையையும் முதலில் போர்த்தியது அக்கா தைத்த போர்வைதான். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலரும் அதில் மூத்திரம் போனவர்கள்தாம்.

இதுவரை வரிசை சரியாகவே வந்திருக்கிறது. இனிமேல்தான் குழப்பம்.

அக்காவின் பண்பு என்று எதை எழுதுவது? பொறுமை என்று எழுதலாம். என்னிடம் பொறுமையாக இருந்ததில்லை. இரக்கம் என்று எழுதலாம். அதிலும் எனக்கு இப்போது ஒரு கேள்வி இருக்கிறது. சந்தேகமில்லாமல் எழுதக்கூடியது ஒன்றுதான். துணியைக் காப்பாற்றுவதில் அக்காவைப் போல இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

முன்பு விதைநெல் வைத்திருந்த வடக்கு அறையை அக்கா எடுத்துக்கொண்டார். சன்னல் கண்ணாடியில் புத்தகத்துக்கு அட்டை போடும் காக்கித் தாளை இரண்டு அடுக்காக ஒட்டினார். டியூப் லைட்டைக் கழற்றச் சொன்னார். ஒரு குண்டு பல்பு மட்டும் இருக்கும். வேலை முடிந்தால் அதையும் அணைத்துவிட வேண்டும். இரும்பு பீரோவின் தட்டுகளில் பழைய வெள்ளை வேட்டிகளை விரித்து, அதன்மேல்தான் போர்வைகளுக்காகச் சேர்த்த துணிகளை அடுக்குவார். அந்த வேட்டிக்குக் கஞ்சியும் போடக்கூடாது, நீலமும் போடக்கூடாது. கஞ்சி வாசனைக்குப் பூச்சி தேடி வருமாம். பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும் என்பார். செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும், தாள் பழுத்துத் துணியையும் பழுக்க வைக்கும் என்பார். வசம்பையும் காய்ந்த வேப்பிலையையும் மல் துணியில் முடிந்து, துணியின் மேல் படாமல் பீரோ மூலையில் தொங்கவிடுவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துப் பிரித்து, பழைய மடிப்பின்மேல் விழாதபடி வேறு இடத்தில் மடித்து வைப்பார். ஒரே இடத்தில் மடிந்து கிடந்தால் அங்கேயே நூல் விட்டுப் போகுமாம்.

அறுவடைக் காலத்தில் அக்காவுக்கும் எனக்கும் சண்டை நிச்சயம். மெஷின் வயலில் இறங்கினால் நெல் சுணை புகைபோலக் கிளம்பி வீடு முழுக்க வந்துவிடும். அக்கா வடக்கு அறையின் வாசற்படியில் ஈரத்துண்டைத் திணித்து வைப்பார். சன்னலில் நனைத்த போர்வையைத் தொங்கவிடுவார். அந்த அறையில் துடைப்பம் நுழையவே கூடாது. பெருக்கினால் தூசி எழும்பி மறுபடியும் துணிமேல்தான் உட்காரும், ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும் என்பார்.

"ஒரு தூசிக்கு இந்தப் பாடா?" என்று ஒருமுறை கத்தினேன்.

"தூசின்னு லேசா சொல்லாதடா. அது அரம். மடிப்புக்குள்ள உக்காந்துகிட்டு நூலை ராவிக்கிட்டே இருக்கும்."

"எடுத்து ஒரு நாள் வெயில்ல உதறிப் போட்டா எல்லாம் போயிடும்க்கா."

"தூசி போகும். கூடவே நிறமும் போகும். நிழலின் அருமை வெயில்ல தெரியும்பாங்க. நீ பொழுதன்னைக்கும் வெயில்லதான் நிக்கிற, உனக்கு இன்னும் தெரியல."

எனக்குத் தெரியவில்லைதான். நம் ஊரில் வெயிலுக்கு மிஞ்சிய வைத்தியம் எது? நெல்லா, வெயிலில் போடு. உளுந்தா, வெயிலில் போடு. மெத்தையில் மூட்டைப்பூச்சியா, புளி கசிகிறதா, மிளகாய் நமத்துவிட்டதா, எல்லாவற்றுக்கும் அதே மருந்துதான். தண்ணீரில் விழுந்த செல்போனைக்கூட நான் வெயிலில்தான் வைத்தேன். நாலு தலைமுறையாக நெல் காயவைத்தே பிழைத்த குடும்பத்தில், வெயிலைக் கண்டால் கதவைச் சாத்துகிற ஒரு பெண் எப்படிப் பிறந்தார் என்று அப்பாவே கேட்பார்.

செல்வியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். என் டிராக்டரை ஓட்டுகிறவரின் மனைவி. பதினோரு வருடமாக எங்கள் வீட்டில் வேலை பார்த்தார். அக்கா தம் துணியைத் தொடவிட்ட ஒரே ஆள் அவர்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, தலையில் துண்டு கட்டிக்கொண்டு இருவரும் வடக்கு அறைக்குள் போனால் இரண்டு மணி நேரம் வெளியே வரமாட்டார்கள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும். கோயிலில் பீடத்துணிகளைத் துவைத்து மடிக்கும் பொறுப்பை அக்காதான் சொல்லி செல்விக்கு வாங்கிக் கொடுத்தார். அதில் செல்விக்கு எவ்வளவு பெருமை என்று ஞாயிற்றுக்கிழமைகளில் முகத்திலேயே தெரியும்.

போன வருடத்துக்கு முந்திய வருடம், மகள் ஜெனி மஸ்கட்டிலிருந்து போன் செய்து, தான் உண்டாகியிருப்பதாகச் சொன்னாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து வந்த செய்தி. அன்றைக்கே அக்கா பீரோவைத் திறந்துவிட்டார். பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கான போர்வைக்குத் துண்டுகள் தேர்ந்தெடுத்து, பாதிவரை தைத்தும்விட்டார். அந்த மாசி மாதத்தில்தான் மூச்சுத்திணறல் வந்து, தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். துணைக்கு என் மனைவி அங்கேயே தங்கினார். வீட்டில் நான் மட்டும். செல்வி காலையில் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவார்.

அந்த நேரம் பார்த்து மாசியில் மழை. இரண்டாம் போகத் தாளடி நெல் களத்தில் நனைந்து போனது. இரண்டு நாள் அடித்துவிட்டு நின்ற பிறகு, ஒழுகியிருக்குமோ என்று வடக்கு அறையைத் திறந்தேன். ஒழுகவில்லை. ஆனால் உள்ளே ஈர வாடை. பீரோவைத் திறந்தால் அங்கேயும் அதே வாடை. எனக்குப் பதறிப் போய்விட்டது. அக்கா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், நாற்பது வருடச் சேமிப்பு இங்கே பூசணம் பிடிக்கிறது. வந்து பார்த்தால் தாங்குவாரா? என்னால் அவருடைய நெஞ்சு நீரை வாங்க முடியாது, இதையாவது செய்யலாம் என்று தோன்றியது. இதைச் சொல்லும்போது நான் நல்லவன் என்று காட்டிக்கொள்வதுபோல இருக்கிறது. அப்படியில்லை. என்ன நினைத்தேனோ அதைத்தான் எழுதுகிறேன்.

மறுநாள் நல்ல வெயில். செல்வியைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, வேணாண்ணே. டீச்சர் வெயிலே காட்ட மாட்டாங்க. அறைக்குள்ளயே கொடி கட்டி, ஃபேனைப் போட்டு ஆறவிடலாம். போன மழைக்கும் அப்படித்தான் செஞ்சோம்."

"நெல்லே வெயில்லதான் பொழைக்குது. துணி என்ன பெரிய துணி? தூக்கும்மா."

தூக்கினார். களத்தில் ஒரு பக்கம் நெல், மறுபக்கம் படுதா விரித்து அக்காவின் துணிகள். காற்றில் பறக்காமலிருக்க டிராக்டர் டூல்ஸ் பெட்டியிலிருந்த ஸ்பேனர்களை எடுத்து ஒவ்வொன்றின் மேலும் வைத்தேன். மாலையானால் மேலே இன்னொரு படுதா. நெல் ஈரப்பதம் இறங்க எட்டு நாள் ஆனது. துணியும் எட்டு நாள் கிடந்தது. நெல்லோடு சேர்ந்து அதையும் மறந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. இரண்டாம் நாளும் நான்காம் நாளும் செல்வி கேட்டார். "கிடக்கட்டும், நல்லா காயட்டும்" என்றேன். பக்கத்து வயலில் மெஷின் ஓடிய தூசியும் அதன்மேல்தான் இறங்கியது. ஒன்பதாம் நாள் நானே அள்ளிக்கொண்டு வந்து, நெல் மூட்டையை அடுக்குவதுபோல பீரோவில் அடுக்கினேன். வெளியே இருந்த வெளிச்சத்தில் எனக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

அக்கா வீட்டுக்கு வந்தார். கைத்தாங்கலாக நேரே வடக்கு அறைக்குத்தான் போனார். பீரோவைத் திறந்து முதல் துணியை எடுத்தார். இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதைத் தொடவில்லை. பிரித்துப் பார்த்தால், உள்மடிப்பில் ஒரு நிறம், மேல்பக்கம் ஒரு நிறம். சிவப்பு செங்கல் நிறமாகிவிட்டது. பச்சை இருந்த இடத்தில் பச்சை இருந்தது என்று சொன்னால்தான் தெரியும்.

"யாரு இதை வெளியே எடுத்தது?"

நான் நின்றுகொண்டிருந்தேன். செல்வி நின்றுகொண்டிருந்தார். அதுவரை ஆஸ்பத்திரியிலேயே இருந்த என் மனைவிக்கு என்ன தெரியும்? அவர் நேராக செல்வியைப் பார்த்து, "ஏன் செல்வி, உன்னை நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்? பதினோரு வருஷமா அக்கா சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டார்.

செல்வி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அது நடந்து முடிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம். அதற்குள் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. செல்வியும் திறக்கவில்லை. அக்கா, "எல்லாரும் வெளியே போங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று என் மனைவி செல்வியிடம் சொல்லிவிட்டார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் பேச்சு பரவியது. ஒரு மாதத்துக்குள் பீடத்துணி வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. நல்ல துணியைக் கெடுப்பவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உங்களில் சிலர் என்னிடமே வந்து, "அருமை தெரியாதவகிட்ட பொருளைக் கொடுத்தா இப்படித்தான்" என்றீர்கள். நான் "ம்" என்றேன்.

இனி எழுதப்போவதுதான் எனக்கு விளங்காதது. படிக்கிறவர்களுக்காவது விளங்குகிறதா பாருங்கள்.

செல்வி போன பிறகு, அக்கா துணி மடிக்க என்னைக் கூப்பிட்டார். அதற்கு முன் அந்த அறையில் என்னை உட்கார விட்டதே இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கையைக் கழுவச் சொல்லி, முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னும் டீசல் நாறுது, திரும்பக் கழுவிட்டு வா" என்பார். குண்டு பல்பு வெளிச்சத்தில், மெல்லிய பிரஷ்ஷால் சுணையைத் தட்டித் தட்டி எடுப்போம். கையால் தேய்த்தால் நூலுக்குள் இறங்கிவிடும் என்று என் புறங்கையில் அடிப்பார். சித்திரை முழுக்க, வைகாசி முழுக்க இப்படியே. வெளுத்த துணிகளைத் தூக்கி எறியவில்லை. யாரிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நடுநடுவே வேலையை நிறுத்திவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன். வாங்கிக் குடித்துவிட்டு, "வேற ஒண்ணும் இல்லையா?" என்று கேட்பார்.

"காபி போடச் சொல்லட்டுமாக்கா?"

"வேணாம். மடி."

ஒருநாள் ஒரு வயலட் துணியை எடுத்து என் மடியில் வைத்தார். ரவிக்கைத் துணி அளவு. பிரித்தேன். வெளுத்த வயலட்டின் நடுவே, கருவயலட் நிறத்தில் ஒரு ஸ்பேனர். பதினேழாம் நம்பர். வாய் பிளந்திருப்பதுகூட அச்சுப்போலத் தெளிவாகப் பதிந்திருந்தது. ஸ்பேனர் இருந்த இடத்தில் மட்டும் வெயில் படவில்லை. அவசரமாக மடித்துவிட்டேன்.

"அது உங்க அத்தான் எனக்கு வாங்கிக் குடுத்த கடைசித் துணி. தைக்கிறதுக்குள்ள அவர் போயிட்டாரு. பிரிச்சு வச்சுப் பார்த்தா நிறம் போயிடுமேன்னு நாற்பது வருஷமா நானே சரியா பார்த்ததில்ல" என்றார். குரலில் கோபம் இருந்ததா? எவ்வளவு யோசித்தாலும் எனக்கு நினைவில் கோபம் தட்டுப்படவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கா அந்த ஸ்பேனரைப் பார்த்தாரா, இருட்டில் பார்க்கவில்லையா? பார்த்துவிட்டுத்தான் என் மடியில் வைத்தாரா? அப்படியானால் ஏன் கேட்கவில்லை? அந்த வீட்டில் ஸ்பேனரைத் தொடுகிறவன் நான் ஒருவன்தானே. அன்று சொல்லியிருக்கலாம். அத்தான் வாங்கிக் கொடுத்தது என்று கேட்ட பிறகு எந்த வாயால் சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜெனி பிரசவத்துக்கு வந்தாள். ஆனி மாதம் பேரன் பிறந்தான். வீட்டுக்கு வந்த அன்று அக்கா போர்வையைக் கொண்டுவந்து கட்டிலில் விரித்தார். ஒரு பாதி பழைய நிறம் மாறாமல் பளிச்சென்று இருந்தது. அது நான் களத்தில் போடாத பாதி, பீரோவுக்கு வெளியே தனிப்பெட்டியில் இருந்தது. மறுபாதி எல்லாம் வெளுத்த துணிகள். நடுக்கட்டத்தில் அந்த வயலட். ஸ்பேனர் முழுதாகத் தெரியும்படி வெட்டித் தைத்திருந்தார்.

"அத்தை, நடுவுல இது என்ன? ஸ்பேனர் மாதிரில்ல இருக்கு!" என்று ஜெனி சிரித்தாள்.

"அதுவா? உங்க அப்பாவைக் கேளு" என்றார் அக்கா.

வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேரன் அழுதுகொண்டிருந்தான். "ஏதோ கறைம்மா" என்று சொல்லிவிட்டு, மோட்டாரை நிறுத்தப் போவதாகக் கிளம்பிவிட்டேன். மோட்டார் ஓடவே இல்லை. பம்பு செட்டில் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது அக்கா பேரனுக்குப் போர்த்திவிட்டு அவனோடு பேசிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. கேலி செய்தாரா, கேட்டாரா, மன்னித்தாரா என்று அன்றும் எனக்குப் புரியவில்லை.

பேரன் வீட்டுக்கு வந்த பதினேழாம் நாள் காலையில் அக்கா இட்லி வேண்டும் என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு பசிக்கிறது என்று அவராகவே கேட்டதால், என் மனைவி சந்தோஷமாக ஊற்றப் போனார். தட்டைக் கொண்டுவருவதற்குள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்த வாரம் அது. அடக்கத்துக்கு செல்வி வந்திருந்தார். கல்லறையில் கூட்டத்துக்குப் பின்னால் நின்று ஒரு பிடி மண் போட்டுவிட்டுப் போனார். யாரும் அவரோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.

வருடம் முழுக்க எனக்கு இதே யோசனை. அக்காவுக்குத் தெரிந்திருந்தால் செல்வியை ஏன் வீட்டுக்குத் திரும்பக் கூப்பிடவில்லை? தெரியாவிட்டால் ஸ்பேனரை ஏன் நடுவில் வைத்துத் தைத்தார்? செல்வி ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? என்மேல் மரியாதையோ, பதினோரு வருடப் பாசமோ என்றுகூட நினைத்து ஆறுதல்பட்டிருக்கிறேன். இந்த மலர் அச்சுக்குப் போகும் முன் கேட்டுவிடுவது என்று போன வாரம் செல்வி வீட்டுக்குப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. அவரு இல்லையே, வண்டி எடுத்துட்டுப் போயிருக்காரு."

"உன்னைப் பாக்கத்தான் வந்தேன் செல்வி. அன்னைக்கு நீ ஏன் சொல்லல?"

எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே, "அவரு உங்க டிராக்டர்லதானண்ணே ஓட்டுறாரு" என்றார்.

அவ்வளவுதான். நான் ஒரு வருடமாகப் பாசம், மரியாதை என்று உருட்டிக்கொண்டிருந்ததற்குப் பதில்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"ரெண்டாம் நாளே டீச்சர் போன் பண்ணிட்டாங்க. நீ போட்டியான்னு கேட்டாங்க. இல்ல டீச்சர்னேன். யாருன்னு நான் கேக்க மாட்டேன், எனக்குத் தெரியும்னாங்க."

"அப்புறம் ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"அதை நானும் கேட்டேன். கேட்டா அவன் பொய் சொல்லிடுவான் செல்வி. எனக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. கடைசியில எங்கிட்ட பொய் சொன்னோம்னு அவன் மனசுல இருக்கக் கூடாது. கேக்காம இருந்தா என்னைக்காவது அவனே சொல்லிடுவான்னாங்க."

அந்த மத்தியானங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வேற ஒண்ணும் இல்லையா என்று அக்கா கேட்டதும் நான் காபி போடவா என்றதும். செல்வி வீட்டு வாசலிலேயே அழுதேன். அழுதுகொண்டே எனக்கு அக்கா மேல் கோபமும் வந்தது. எனக்காகக் காத்திருந்தார் சரி, அதுவரை செல்வி பழி சுமக்க வேண்டுமா? இது என்ன நியாயம்? அதையும் செல்வியிடமே கேட்டேன்.

"நியாயமில்லதான். டீச்சரும் அதைத்தான் சொன்னாங்க. என் தம்பிக்காக உனக்குப் பாவம் பண்றேன், மன்னிச்சுக்கன்னாங்க. போன்லதான், ஆனா கேட்டாங்க." கீரைக் காம்புகளை முறத்திலிருந்து தட்டினார். "நீங்கதாண்ணே கேக்கல."

கேட்டேன். நம் ஊரில் இதற்கு எல்லாரும் உடனே சொல்லும் பதில் ஒன்று உண்டு, பரவாயில்லை என்று. செல்வி அதைச் சொல்லவில்லை. நான் காத்திருந்து பார்த்தேன், சொல்லவே இல்லை. நான் காத்திருந்தது ஐந்து நிமிடம் இருக்கும். அக்கா ஐந்து மாதம் காத்திருந்தார்.

இனி நன்றி. அக்காவைத் தூக்கி உட்காரவைத்து, தலைவாரிவிட்ட ஆஸ்பத்திரிச் செவிலியர்களுக்கு நன்றி. மழையிலும் வந்து செபமாலை சொன்ன எங்கள் பகுதி அன்பியக் குடும்பங்களுக்கும், பாடிய பாடகர் குழுவுக்கும், அடக்கத்தன்று அடுப்படியை ஏற்று நடத்திய பங்காளிகளுக்கும் நன்றி. ஜெனிக்கு நன்றி. அந்தப் போர்வையை எப்படி வைக்க வேண்டும் என்று அவளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேரன் போர்த்திக்கொள்ளட்டும், ஆனால் சன்னலோரக் கட்டிலில் விரித்துப் போடாதே, துவைத்தால் நிழலில் உலர்த்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்று. மீதித் துணிகள் வடக்கு அறையில் இருக்கின்றன. தூசி தட்டுகிறேன், மடிக்கிறேன். என் மடிப்பு கோணலாகத்தான் வருகிறது.

இந்தக் கட்டுரையைப் படித்த பிறகு என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "வாய் வச்சுப் பேசினது நான்தானே, என்னையும் சேத்து எழுதுங்க" என்றார். சேர்த்துவிட்டேன். இருவரும் போய் செல்வியை மறுபடியும் வேலைக்கு வரச் சொல்லிக் கேட்டோம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். பீடத்துணி விஷயமாகப் பங்குத்தந்தையிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன்.

நடந்ததை மலரில் எழுதட்டுமா என்று செல்வியிடம் அன்றைக்கே அனுமதி கேட்டிருந்தேன். ஆய்ந்த கீரையை அள்ளிக்கொண்டு எழுந்தவர் நின்று சொன்னார்: "எழுதுங்க. ஆனா மலரை யாருண்ணே படிக்கிறா? எல்லாரும் போட்டோவைப் பாத்துட்டுப் பையில வச்சுக்குவாங்க. என்னைப் பேசினவங்க எல்லாம் காதால கேட்டுத்தான் பேசினாங்க. அவங்க காதுல விழணும். மைக்ல சொல்லுங்க."

ஆகையால் நினைவுத் திருப்பலி முடிந்ததும், இந்தக் கட்டுரையை நானே மைக்கில் வாசிக்கப் போகிறேன். பந்தி ஆறிப்போகாது, யாரும் எழுந்து போய்விட வேண்டாம். அக்காவின் துணிகளை எட்டு நாள் வெயிலில் போட்டவன் நான், வேண்டாம் என்று தடுத்தவர் செல்வி என்று அவர் முன்னால் நின்று சொல்ல வேண்டும். வருவாரா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். வராவிட்டாலும் வாசிப்பேன்.

அன்புத் தம்பி